பிசானத்து நெல்லும் பாரிஸ் விசாவும்

பாரிஸில் நான்கு வாரக் கோடைக்காலப் பிரெஞ்சு வகுப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. வகுப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். விசாவைப் பற்றிக் கேட்பவர்களை மட்டும் உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்த பிறகுதான் தொடங்குகிறேன். மாதச் சம்பளம் வராத வீட்டிலிருந்து, அதிலும் எங்களைப் போலத் தாமிரபரணிப் பாசனத்தை நம்பியிருக்கும் வீட்டிலிருந்து யாராவது அடுத்த கோடைக்கு விண்ணப்பிக்க நினைத்தால், சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பு இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கல்லூரியில் பகுதி ஒன்று எனப்படும் மொழிப் பாடத்துக்குத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தவள் நான். 2025 ஜனவரியில் சேர்க்கை கிடைத்தது, கட்டணம் கட்டினோம், தங்கும் அறையும் உறுதியானது. இவற்றில் எந்தத் தொல்லையும் இல்லை.

தொல்லை பெயரில் தொடங்கியது. நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அந்த எழுத்து விரிந்து, அப்பாவின் முழுப் பெயராகக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. நான் வகுப்புக்கு விண்ணப்பித்தபோது பழக்க தோஷத்தில் மதிப்பெண் பட்டியலில் இருந்தபடி இனிஷியலோடு எழுதிவிட்டேன். சேர்க்கைக் கடிதத்தில் ஒருத்தி, பாஸ்போர்ட்டில் வேறொருத்தி. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியதும் நான்கு நாளில் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனால், ‘முத்து’ என்று முடியும் அப்பாவின் பெயருக்கு ஆதாரில் ‘டி’க்குப் பின்னால் ‘ஹெச்’ இருந்ததும், வங்கிக் கணக்கில் அந்த ‘ஹெச்’ இல்லாததும் மின்னஞ்சலில் தீர்கிற காரியங்கள் அல்ல. பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கு எதிரே நோட்டரி ஒருவரிடம் முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினோம். வெளிநாட்டு விண்ணப்பம் எதுவானாலும் பாஸ்போர்ட்டைத் திறந்து மேசையில் வைத்துக்கொண்டு, அதில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். உங்களுக்கு உங்கள் பெயர் தெரியும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது பணம். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குச் செலவை ஏற்பவரின் வருமானத்தைக் காட்ட வேண்டும். பட்டியலில் கேட்டிருந்தவை சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, கடைசி மூன்று மாத வங்கி அறிக்கை ஆகியவை. அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வேளாண் வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் வரிக் கணக்கும் அவர் தாக்கல் செய்ததில்லை. அதற்கு ஈடாக, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவும், அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும், தாசில்தாரின் வருமானச் சான்றும் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். அடங்கலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க மூன்று முறை போனோம். அவர் இரண்டு கிராமங்களுக்குப் பொறுப்பு என்பதால் நாங்கள் போகும் நாளில் எப்போதும் மற்ற கிராமத்தில் இருந்தார். மூன்றாம் முறை தலையாரியே இரக்கப்பட்டு, அவர் எந்தக் கிழமையில் எங்கே இருப்பார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். முதல் நாளே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

வங்கி அறிக்கையை எடுத்துத் தந்த எழுத்தரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்டேன். அவர் தாளின் அடியில் அச்சாகியிருந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார். “கம்ப்யூட்டர்ல எடுத்ததுக்குக் கையெழுத்து தேவையில்லன்னு இதுலயே போட்டிருக்கேம்மா, வாசிச்சுப் பாரு.” வாசித்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. வாதாடத் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோடை விடுமுறைக் கூட்டத்தில் சென்னை விசா விண்ணப்ப மையத்தில் மே 14-ஆம் தேதிதான் நேரம் கிடைத்தது. முந்தின நாள் இரவு நானும் அப்பாவும் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, எழும்பூரில் இறங்கி, நிலையத்தின் காத்திருப்பு அறையிலேயே முகம் கழுவிக்கொண்டு போனோம். கவுண்டரில் இருந்த பெண் கோப்பைப் புரட்டிய வேகத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. வங்கி அறிக்கையில் முத்திரை இல்லை. சிட்டாவும் அடங்கலும் தமிழில் இருக்கின்றன, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வற்றிக் கிடந்த கணக்கில் ஏப்ரலில் ஒரே நாளில் பெரிய தொகை ஏறியிருக்கிறது. விசாவுக்காகக் கடன் வாங்கிக் கணக்கில் காட்டுபவர்களின் அறிக்கையும் இப்படித்தான் இருக்குமாம்.

அந்தத் தொகை பிசான நெல். எங்கள் பக்கத்து இரண்டு நெல் பருவங்களில் பெரியது பிசானம், மற்றது கார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கியில் நேராக ஏறிய பணம். அப்பா அதைத் தமிழில் பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண்ணும் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டு, இன்னின்ன ஆவணங்கள் இல்லை என்று தெரிந்தே சமர்ப்பிக்கிறேன் எனக் கையெழுத்துப் போட்டால் இப்படியே வாங்கிக்கொள்வதாகவும், முடிவு தூதரகத்தின் கையில் இருப்பதாகவும் சொன்னார். அப்பா பேனாவை என்னிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “வாட்டி, ஊருக்குப் போவோம்” என்றார். அன்றிரவு படுக்கை கிடைக்காமல் பொதுப்பெட்டியில் திரும்பியபோது அவர்மேல் எனக்கு இருந்த கோபம் விடியும்வரை தணியவில்லை. மறுக்கப்பட்டால் விசாக் கட்டணமான 90 யூரோ திரும்ப வராது என்பதும், அடுத்த விண்ணப்பத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த மறுப்பு பதிவில் தெரியும் என்பதும் நிதானமாக யோசித்தபோதுதான் உறைத்தன.

அடுத்த நேரம் 12 நாள் கழித்துக் கிடைத்தது. அந்த இடைவெளியில் செய்த ஒரு காரியத்தைத்தான் இந்த மொத்த அலைச்சலிலும் என் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிக்கொள்வேன். அவர்கள் கேட்ட மூன்று மாதத்தை விட்டுவிட்டு, வங்கியில் இரண்டு ஆண்டு அறிக்கை கேட்டேன். மூன்று மாதத்தைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமாக இருக்கும் கணக்கு, இரண்டு ஆண்டைப் பார்த்தால் ஒழுங்காக மூச்சு விடுவது தெரிந்தது: கார் அறுவடை முடிந்ததும் ஒரு மேடு, பிசான அறுவடை முடிந்ததும் அதைவிடப் பெரிய மேடு, இடையில் உரத்துக்கும் கூலிக்கும் போய் வற்றிய பள்ளங்கள். நான்கு மேடுகளையும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய நெல் விற்ற ரசீதின் நகலை இணைத்து, எங்கள் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு பருவம், வருமானமும் இரண்டு தடவைதான், வேளாண் வருமானத்துக்கு வரி இல்லாததால் வரிக் கணக்கு இல்லை என்று ஒரே பக்கத்தில் பிரெஞ்சில் கடிதம் எழுதினேன்.

முத்திரைக்காக இந்த முறை எழுத்தரை விட்டு மேலாளரிடமே போனேன். தூதரகத்தின் பட்டியலில் அந்த வரியைக் காட்டியதும் சரி என்றார். மொத்தம் 19 பக்கம். முத்திரை மைப்பெட்டி காய்ந்து கிடந்ததால் அதே எழுத்தர் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டை விரலால் தேய்த்துக் கொடுக்க, மங்கலாக விழுந்த ஏழாம் பக்கத்தில் மட்டும் இரண்டாவது முறை குத்த வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்புக்கு நோட்டரியின் சான்று வாங்கினேன். காப்பீட்டையும் மறுபடி சரிபார்த்தேன்: குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், தங்கும் நாட்களில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர் என்பதை ஸ்டுடியோவில் சொல்லியே எடுங்கள். பாஸ்போர்ட் அளவு என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள் வழக்கமாக எடுக்கும் அளவில்தான் எடுப்பார்கள்.

மே 26-ஆம் தேதி, கார் நாற்றங்கால் வேலையில் அப்பா இருந்ததால், மாமா துணைக்கு வந்தார். கவுண்டரில் பத்து நிமிடம். வேறு எதுவும் கேட்கவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது.

விமானம் திருவனந்தபுரத்திலிருந்து. நம் ஊரிலிருந்து சென்னைக்கு ஓர் இரவு ஆகிறது, திருவனந்தபுரத்துக்குச் சில மணி நேரம்தான் என்பதை ஏனோ யாரும் முதலில் சொல்வதில்லை. ஜூன் 28, சனிக்கிழமை பாரிஸில் இறங்கியதும், விமான நிலையக் கவுண்டரில் 5 யூரோ கொடுத்து, அந்த ஊர் ரயிலுக்கும் பேருந்துக்குமான நவிகோ அட்டை வாங்கி, அதில் 31.60 யூரோவுக்கு வாரச் சீட்டும் ஏற்றிக்கொண்டு வாயிலில் வைத்தால், கதவு திறக்கவில்லை. அந்த ஊரில் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறுவரை. வெள்ளிக்கிழமை முதல் வாங்குவதெல்லாம் அடுத்த வாரத்துக்கு. 13 யூரோவுக்குத் தனி டிக்கெட் எடுத்தேன். அட்டையில் 25-க்கு 30 மில்லிமீட்டர் படம் ஒட்டாமல் பயணம் செய்தால் அபராதம் என்றும் சொன்னதால், மிச்சமிருந்த விசாப் படத்தை நகவெட்டியால் சுற்றி நறுக்கி, ஒரு காது போன நிலையில் ஒட்டினேன். ஜூலை 1 முதல் மாதச் சீட்டே 88.80 யூரோதான் என்பது இரண்டாம் வாரம்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் 25 யூரோவுக்கு மேல் மிஞ்சியிருக்கும்.

முதல் நாள் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தபோது அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அது நான்தான் என்று உறைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்ததில், மாலையில் நான் வரவில்லை என்று மின்னஞ்சல் வந்திருந்தது. மறுநாள், ஜூலை 1, வெப்ப அலைக்கான சிவப்பு எச்சரிக்கை. ஈபிள் கோபுரத்தின் உச்சித் தளத்தையே மூடிவிட்டார்கள். அக்னி நட்சத்திரத்தில் வளர்ந்தவளுக்கு இது ஒரு வெயிலா என்று இறுமாப்பாக இருந்தேன், அறையில் ஏசி மட்டுமல்ல, மின்விசிறியே இல்லை என்பதைக் கவனிக்கும்வரை. 1923-இல் போட்ட தடை நீங்கி, ஜூலை 5 முதல் சேன் ஆற்றில் பொதுமக்கள் குளிக்கலாம் என்று அந்த வாரம் ஊரே பரபரப்பாக இருந்ததைப் போனில் சொன்னபோது அப்பா நெடுநேரம் சிரித்தார். “ஆத்துல குளிக்க நூறு வருசம் காத்துக் கெடந்தாங்களா?”

வகுப்பு நன்றாக நடந்தது. கடைசி நாளில் சான்றிதழும் கொடுத்தார்கள். அதில் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் முழுதாகவும், என் பெயர் முதல் எழுத்தோடு ஒரு புள்ளியாகவும் இருப்பதை விமானத்தில்தான் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெண்ணும் இந்தச் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் கொண்டுவந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்கிறது கல்லூரி அலுவலகம். முத்திரைத்தாள் வாங்கிவிட்டேன், திங்கட்கிழமை அதே நோட்டரியிடம் போகிறேன்.