போடிமெட்டுக்கு மிதித்ததும் தள்ளியதும்

தேனி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய மலையூர் போடிமெட்டுக்குச் சைக்கிளில் கிளம்பினேன். அடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது காலை ஐந்தே முக்கால். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என்னைக் கடக்கும்போது பின்னால் நின்ற அக்காமார்கள் சிரித்தார்கள். ஒருவர், "தம்பி, வண்டியத் தூக்கி மேல போட்ரு!" என்றார். போட்டிருக்கலாம்தான்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாவது வளைவு வரை வீராப்பாக மிதித்தேன். அப்புறம் மிதிப்பது பாதி, தள்ளுவது பாதி. பழைய சைக்கிள், பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்குச் சங்கிலி ஏறவே மாட்டேன் என்றது. ஆனால் தள்ளும்போதுதான் மலை கண்ணில் பட்டது. கீழே போடி, தென்னந்தோப்புகள், வெயில் ஏறாத வயல்கள். புலியூத்து அருவியில் பேருக்குத்தான் தண்ணீர். குரங்குகள் என் வாழைப்பழத்தை எடுத்துப் போனதுதான் மிச்சம்.

பக்கத்திலேயே குரங்கணி வழியாக, மூணாறுப் பக்கத்து மலைமுகடான டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் நடைபாதை இருக்கிறது. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் அந்தப் பக்கமாகத்தான் கம்பிவடத்தில் தொங்கி இறங்கியது. தேயிலையை மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்த குண்டளை ரயிலை 1924 வெள்ளம் அடித்துப்போனது. மலையேறப் போனவர்கள் பலர் இறந்த 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகு அந்தப் பாதையை நினைத்தாலே மனம் கனக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள்.

மேட்டில் குளிர் தாங்கவில்லை. டீக்கடைக்காரர் கேட்காமலே ஏலக்காய் தட்டிப் போட்டார். இறங்கும்போது இரண்டு பிரேக் கட்டையும் தேய்ந்துவிட்டன.