ஊடுபாலினர் இயக்கத்தின் வரலாறு: தேர்வுக்கு நான் படித்த விதம்

பாலின அரசியல் பேப்பரில் ஊடுபாலினர் (ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத உடல் பண்புகளோடு பிறப்பவர்கள், ஆங்கிலத்தில் intersex) இயக்கம் வரும் என்று தெரிந்ததும் நான் முதலில் படித்தது குரோமோசோம், ஹார்மோன், வகைப்பாடு இதெல்லாம்தான். இன்டர்னல் தேர்வில் 'இந்த இயக்கம் ஏன் உருவானது' என்று கேட்டிருந்தார்கள். நான் இரண்டு பக்கத்துக்கு மருத்துவ விளக்கம் எழுதிவிட்டு வந்தேன். விடைத்தாள் திரும்பி வந்தபோதுதான் உறைத்தது, அந்த மனிதர்கள் எந்தப் பார்வையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்களோ அதே பார்வையில்தான் நான் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். மதிப்பெண் குறைந்ததைவிட அதுதான் என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

அதனால் சொல்கிறேன், அறுவை சிகிச்சையிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். 1950களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உளவியலாளர் ஜான் மணியும் அவரோடு வேலை செய்தவர்களும், பாலின உணர்வு பெரும்பாலும் வளர்ப்பில் அமைகிறது, ஆகவே குழந்தையின் பிறப்புறுப்பைச் சின்ன வயதிலேயே ஆண் அல்லது பெண் போல மாற்றிவிட்டு உறுதியாக வளர்த்தால் போதும் என்றார்கள். இது உலகம் முழுக்கப் பரவியது. கூடவே ஒரு மௌனமும் பரவியது. தழும்போடும் உணர்விழப்போடும் வளர்ந்த பலருக்குத் தங்கள் உடலில் என்ன செய்யப்பட்டது என்றே யாரும் சொல்லவில்லை. இந்த மூடிமறைப்பு மனதில் பதியாமல் 1993ஐப் படித்தால் அது வெறும் தேதியாகத்தான் இருக்கும்.

அந்த வருடம் உயிரியலாளர் ஆன் ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங் ஊடுபால் பற்றி எழுதிய ஒரு கட்டுரைக்குப் பதிலாக ஊடுபால் செயல்பாட்டாளர் செரில் சேஸ் ஒரு கடிதம் எழுதி, அதிலேயே வட அமெரிக்க ஊடுபால் சங்கத்தை அறிவித்தார். 1996 அக்டோபர் 26 அன்று பாஸ்டனில் குழந்தை மருத்துவர்களின் மாநாட்டுக்கு வெளியே போராட்டம் நடந்தது, திருநர் செயல்பாட்டாளர்களும் துணைக்கு நின்றார்கள். இன்றைக்கு ஊடுபால் விழிப்புணர்வு நாள் அதே தேதியில்தான் வருகிறது. இந்த இடத்தில் பலர் இரண்டு இயக்கங்களையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள். திருநர் தாங்கள் விரும்பும் சிகிச்சை கிடைக்கவில்லை என்று போராடினார்கள், ஊடுபாலினர் தாங்கள் கேட்காத சிகிச்சை திணிக்கப்பட்டது என்று போராடினார்கள். என் உடலைப் பற்றி நான்தான் முடிவு செய்வேன் என்பதில் இருவரும் சேர்கிறார்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது 2006க்கு. முந்தைய ஆண்டு சிகாகோவில் கூடிய மருத்துவ நிபுணர்கள் ஒருமித்துத் தயாரித்த அறிக்கை அப்போதுதான் வெளிவந்தது, பழைய பெயர்களை விட்டுவிட்டு 'பாலின வளர்ச்சிக் குறைபாடுகள்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. மருத்துவர்களோடு பேசி நடைமுறையை மாற்ற இது உதவும் என்று சேஸ் போன்றவர்கள் நம்பினார்கள். எங்களிடம் என்ன குறை இருக்கிறது என்று இன்னொரு பக்கம் கொதித்தது, 2003இல் தொடங்கிய பன்னாட்டு ஊடுபால் அமைப்பு அதில் முன்னால் நின்றது. வட அமெரிக்கச் சங்கம் 2008இல் மூடப்பட்டது. ஒரு சொல்லுக்காக ஓர் இயக்கமே இரண்டு பட்டது ஏன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் எழுத முடிந்தால் இந்தப் பகுதி உங்களுக்குக் கைவந்துவிட்டது.

சட்டங்களை வரிசையாக நினைவில் வைத்தால் போதும்: 1999இல் கொலம்பிய அரசியல் சாசன நீதிமன்றம் இந்த அறுவை சிகிச்சைக்குப் பெற்றோர் தரும் ஒப்புதலுக்கு வரம்பு வைத்தது, 2015இல் மால்டா குழந்தைகள் மீதான தேவையற்ற அறுவை சிகிச்சையைத் தடை செய்தது, 2019இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து இதே அறுவை சிகிச்சைக்குத் தடை விதித்த தமிழ்நாடு அரசாணை, 2024 ஏப்ரலில் ஊடுபாலினர் உரிமைகள் பற்றிய ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தின் முதல் தீர்மானம்.

அப்புறம் எண்கள். மக்களில் ஊடுபாலினர் 1.7 சதவீதம் என்று ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங் தரப்பு சொன்னது, 0.018 சதவீதம்தான் என்று அமெரிக்க மருத்துவர் லியோனார்ட் சாக்ஸ் மறுத்தார். யாரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பதிலேயே இருவரும் வேறுபட்டார்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். 'குறைபாடு' என்ற சொல் விடையில் வந்தாக வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போட்டு, அது யார் வைத்த பெயர் என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். கடைசித் தேர்வில் நான் பாஸ்டன் வாசலில் தொடங்கி, அங்கிருந்து 1950களுக்குப் பின்னால் போய் எழுதினேன்.