மால்வண் போக ஒரு கட்டுச்சோறு

தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும், பிள்ளைகளுக்குப் பள்ளி லீவும் அப்போதுதான். நாங்கள் போக நினைத்ததோ மால்வண், மகாராஷ்டிராவின் கொங்கண் கடற்கரையில் மீனுக்குப் பேர்போன ஊர். அம்மா அந்த ஆறு நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான், வெங்காயம் பூண்டுகூடத் தொடமாட்டாள். "நீங்க போய்ட்டு வாங்கய்யா, நான் முலுண்டுலயே கெடக்கேன்" என்று மும்பை வீட்டிலேயே தங்கிவிட ஆரம்பித்தவளை, சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

பயணச் சாப்பாட்டில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. சமைத்து முடித்ததை ஒரு பகலுக்கு மேல் தூக்கிச் சுமக்கக் கூடாது. மீதி நாட்களுக்கு எல்லாம் பாதி சமையலாகத்தான் போக வேண்டும், அதாவது பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, இப்படி. அதிலும் மும்பையின் அக்டோபர் வெக்கை இருக்கிறதே, காலையில் கிளறிய சாதம் சாயங்காலம் நூல் விட்டுவிடும். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி வளரும், அதன் வித்துகள் வெந்த பிறகும் சாகாது, அது நஞ்சை விட்டுவிட்டால் திரும்பச் சூடு பண்ணியும் பிரயோஜனமில்லை. புளியும் எண்ணெயும் இருக்கிறதே, கெடாது என்று புளியோதரையை மூன்று நாள் வைத்துச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நாள்கணக்கில் தாங்குவது காய்ச்சல்தான், கலந்த சோறு இல்லை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை மும்பையில் நம்ம ஊர்ச் சாமான் கிடைக்கிற மாட்டுங்கா போய் நல்லெண்ணெய், வாழையிலை, மோர்மிளகாய் எல்லாம் வாங்கி வந்தோம். காய்ச்சலுக்குப் புளியைக் கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மேலே மிதக்கும்வரை அடுப்பைக் குறைத்து வைத்துச் சுண்டவிட வேண்டும், அவசரப்பட்டு இறக்கினால் உள்ளே தண்ணீர் நின்றுவிடும், அப்புறம் பூஞ்சைதான். வறுத்துப் பொடித்த மல்லி, கடலைப்பருப்பு, வெந்தயம், எள் கடைசியில். நிலக்கடலையை இதில் போடாதீர்கள், ஊறி நமத்துப்போகும், தனியாகக் கட்டிக் கலக்கும்போது போடுங்கள். "எய்யா, தேங்கா சேத்த எதையும் கட்டிராத" என்று அம்மா அடுப்படி வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள், நாற்பது வயசிலும் எனக்கு இது தெரியாது என்று நினைப்பு.

கிளம்பும் நாள் விடியற்காலையில் சமைத்தது மூன்றே அயிட்டம். இட்லியை ஆறவிட்டு, பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, அனலில் வாட்டிய இலையில் கட்டியாயிற்று. புளியோதரைக்குச் சோற்றைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, எண்ணெய் விட்டு, ஃபேனுக்கு அடியில் நன்றாக ஆற வைத்த பிறகுதான் காய்ச்சல் சேர்த்தேன், சூட்டோடு டப்பாவை மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டும், கெடுவது அங்கேதான் ஆரம்பிக்கும். தயிர்சாதத்துக்குக் காய்ச்சி ஆறிய பால்தான் அதிகம், தயிர் ஒரு கரண்டி. மத்தியானம் திறக்கும்போது சரியாக உறைந்திருக்கும், புளிக்காது.

தாணேயில் மாண்டவி எக்ஸ்பிரஸ் ஏறினோம். இந்த ரயில் சாப்பாட்டுக்கே பெயரெடுத்தது, பேன்ட்ரிக்காரர்கள் ஒன்று மாற்றி ஒன்றாகக் கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். அதில் போய் இலைப்பொட்டலம் பிரிப்பது ஒருவகையில் அநியாயம்தான். பிள்ளைகள் வடை வாங்கினார்கள், நானும் வாங்கினேன், மறுக்கவில்லை. ரத்னகிரிக்கு முன்னால் கர்புடே சுரங்கம் வரும், 6.5 கிலோமீட்டர். வண்டி உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கறுத்து, சத்தம் காதை அடைக்க, அம்மா தன் ஒருவேளைச் சாப்பாட்டை அப்போதுதான் தொடங்கினாள். வெளிச்சம் வருவதற்குள் புளியோதரை தீர்ந்து மோர்மிளகாய்க் காம்பு மட்டும் இலையில் கிடந்தது.

சாயங்காலம் குடாளில் இறங்கி ஆட்டோ பிடித்து மால்வண். இரவு யாருக்கும் வெளியே போகத் தெம்பில்லை, அங்கேதான் ரவைப் பொட்டலம் கைகொடுத்தது. கடுகு, பருப்பு, காய்ந்த மிளகாய், மொறுமொறுவென்று பொரிந்த கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து வீட்டிலேயே வறுத்து எடுத்துப்போவது இது. ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு கொதிக்கிற தண்ணீர், ஹாட்பேக்கில் ஊற்றிக் கிளறி மூடிப் பத்து நிமிஷம் விட்டால் உப்புமா. தண்ணீர் சுடவைக்க அறையில் கெட்டில் இருந்தது. ரயில் சார்ஜர் பாயிண்டில் மட்டும் கெட்டிலைச் செருகாதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது.

மறுநாள் சிந்துதுர்க் கோட்டை. சிவாஜி 1664இல் கட்டத் தொடங்கிய கடல்கோட்டை, படகில்தான் போக வேண்டும். சுற்றிலும் உப்புத்தண்ணீர், உள்ளே குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர்க் கிணறுகள், பெயர்கள் என்ன தெரியுமா, பால் கிணறு, தயிர் கிணறு, சர்க்கரைக் கிணறு! விரதக்காரியிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும், முறைத்தாள்.

தங்கிய வீட்டுக்கார அம்மாள் காலையில் காவ்ணே சுட்டுத் தந்தார், அரிசி மாவில் மெல்லிசாக, நம்ம நீர்தோசை மாதிரியேதான். கூட வந்த தேங்காய்ச் சட்னியில் பூண்டு இருக்குமோ என்று அம்மா அதைத் தொடவில்லை. பையைத் திறந்து இட்லிப்பொடியை எடுத்து, குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டு, காவ்ணேயைத் தொட்டுத் தொட்டு நாலு சாப்பிட்டாள். ஊர் திரும்பும்வரை அவளுக்கு ஒருவேளை அதுவேதான், எனக்கு வேலையே இல்லை. நாங்கள் சுரமை (வஞ்சிரம்) வறுவலும், கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த சோல்கடியுமாக ஓட்டினோம்.

தீபாவளி முறுக்கும் எடுத்துப்போயிருந்தோம். கடற்காற்றில் பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் ஒரே நாளில் நமத்துவிடும், அதனால் ஒருவேளைக்கு ஆவது மட்டும் சின்னச் சின்னக் கவராகப் போட்டு வாயை மெழுகுவர்த்தியில் ஒட்டிக்கொண்டு போங்கள். மிஞ்சிய காய்ச்சல் வீடு திரும்பிய ராத்திரிக்கு ஆயிற்று, சோறு மட்டும் வைத்தால் போதுமே.