கதவு நிலையில் பென்சில் கோடு

மே 2, வெள்ளி

இன்றோடு பள்ளி முடிந்தது. இரண்டு புத்தகப் பைகளையும் கூடத்துத் தரையில் கவிழ்த்தோம். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பென்சில்கள் ஏழு, மூடி தொலைந்த பேனா, ஒற்றை சாக்ஸ், என் கைக்கு வந்தே சேராத ஒரு சுற்றறிக்கை. சின்னவளின் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் இருக்கும் இடம் உள்ளிருந்து புடைத்து, துணி நைந்து வெளுத்திருந்தது. எத்தனை நாள் விரலை மடக்கிக்கொண்டே நடந்தாளோ! ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் "சீக்கிரம், சீக்கிரம்" என்று நான் விரட்டிய விரட்டலில் அவள் எப்போது சொல்வாள்? ராத்திரி வரைக்கும் மனசு ஆறவில்லை.

மே 3, சனி

பெரியவன் பத்தரைக்கு எழுந்தான். நான் எழுப்பவில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். பள்ளி நாட்களில் இந்த வீட்டில் அது எட்டைத் தாண்டியதே இல்லை. தூங்கட்டும்.

மே 4, ஞாயிறு

"போரடிக்குதும்மா." காலை 11 மணிக்கு, இந்த லீவில் முதல் தடவை. பதில் சொல்லாமல் இருந்தேன். அரை மணி கழித்துப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் போர்வை கட்டி இரண்டு பேரும் உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மே 5, திங்கள்

லீவு விட்டதும் உயரம் குறிப்பது வழக்கம். வெறுங்காலோடு, குதிகால் கதவு நிலையில் ஒட்டி நிற்க வேண்டும். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம், அதன் அடியில் பென்சில் கோடு. சாயங்காலம் அளந்ததில் பெரியவன் 141 செ.மீ., சின்னவள் 124.5. போன வருடக் கோட்டுக்கு மேலே சரியாக 6 செ.மீ. அந்த ஷூ பாவம், என்ன செய்யும்?

மே 6, செவ்வாய்

விடிந்ததும் பஞ்சாயத்து. சின்னவள் படுக்கையிலிருந்து நேராக ஓடி வந்து அளந்து பார்த்திருக்கிறாள்: 125.2. "எம்பி நிக்கிறா, ஏமாத்துறா!" என்று அண்ணன்காரன் கத்த, இவள் அழ, அவங்க அப்பா பல் துலக்குவதைப் பாதியில் விட்டு வந்து மறுபடி அளந்தார். குதிகால் தரையில்தான் இருந்தது. அதே 125.2. பிறகு பெரியவனை நிறுத்தினார். அவனும் நேற்றைவிடக் கூடுதல்!

இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. நாம் நிமிர்ந்து நடமாடும்போது உடம்பின் பாரம் அழுத்தி அவற்றிலிருந்து நீர் கொஞ்சம் கசியும். எழுந்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் அமுங்கிவிடும். ராத்திரி படுத்ததும் நீரை உறிஞ்சி மறுபடி உப்பும். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் பொய் சொல்லல" என்றாள். அண்ணன் தானாகவே மன்னிப்புக் கேட்டான். எனக்கு அதுதான் பெரிசு.

மே 8, வியாழன்

இன்று என்னையும் விடவில்லை. காலையில் ஒரு கோடு, ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி முடித்து வந்ததும் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. சின்னவள் ஸ்கேலை வைத்து இரண்டு முறை பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு, "நீ போய்ப் படும்மா, சரியாயிடும்" என்றாள்.