ஒப்புக்கொடுத்த பிள்ளை

மே 12, ஞாயிறு

ஊழியத்துக்குச் சேர்ற ஃபார்ம் இன்னும் பைபிளுக்குள்ளதான் இருக்கு. எங்க சபை பாஸ்டர் ஐயர் சிபாரிசு லெட்டர்ல கையெழுத்து போட்டுக் குடுத்தாச்சு, 31 கடைசி தேதி. கோயில் முடிஞ்சு வெளிய வரும்போது சித்தப்பா அத்தன பேர் முன்னாடியும் "என்னடே, ஊழியத்துக்குப் போறியா இல்ல செருப்பு தச்சிக்கிட்டேதான் இருக்கப் போறியா"ன்னு கேட்டாங்க. அம்மா ஒண்ணும் பேசல. வீடு வரைக்கும் பேசல.

மே 13

தூக்கம் வரல. ஆண்டவரே, நான் ஓடி ஒளியிறேனா?

மே 15

தொழுநோய் வந்தவங்களுக்கு நாங்க செருப்பு செய்ற பட்டறைக்கு இன்னைக்கு அந்த தாத்தா திரும்ப வந்தாரு. வலது காலு, பெருவிரலுக்குக் கீழ அதே எடத்துல திரும்ப புண்ணு. பழைய செருப்புல ஆணி ஏறி உள்ள குத்தியிருக்கு, ரெண்டு மூணு நாளு அதோடயே நடந்திருக்காரு, வலியே தெரியல, வீட்டுல ரத்தத்த பாத்துதான் கண்டுபிடிச்சிருக்காங்க. தொழுநோய்ல வெரலு தானா அழுகி விழுதுன்னுதான் ஊர்ல இன்னும் நெனைக்காங்க. உணர்ச்சி செத்துப் போச்சுன்னா சூடு தெரியாது, முள்ளு தெரியாது, அதுதான் வெரல கொண்டு போவுது. அதனாலதான் நாங்க செய்ற செருப்புல ஒரு ஆணி கூட கெடையாது, எல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்டறதுதான், மேல மெத்துனு எம்.சி.ஆர்ங்கற நுண்துளை ரப்பர் ஷீட்டு, அடியில முள்ளு ஏறாத கட்டி ரப்பர். பேப்பர்ல அவர் கால வச்சு சுத்தி வரைஞ்சேன், புண்ணு இருக்குற எடத்த சிவப்பு பேனாவால குறிச்சேன், அந்த எடத்துல பாரம் விழாம இருக்க பின்னால ஒரு சின்ன பேட் வைக்கணும், அது கொஞ்சம் முன்ன போனாலும் தப்பு பின்ன போனாலும் தப்பு. ஒட்டி முடிச்சதும் உள்ள கட்டவிரல விட்டு ஓரம் பூரா தடவிப் பாத்தேன். அவர் கால் சொல்லாதத என் விரல்தான சொல்லணும்.

மாஸ்டர் பாத்துட்டு "ஒனக்கு கை இருக்குடே"ன்னாரு. இத சொல்லிக் குடுத்து வராதாம்.

மே 16

பொருத்தனை, ஆண்டவருக்குக் குடுக்குற வாக்கு. இந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு நெஞ்சு அடைக்க. கைக்குழந்தையா நான் காய்ச்சல்ல கெடந்தப்போ "பொழச்சா இவன் உமக்கே"ன்னு அம்மா அழுதாளாம். பைபிள்ல அன்னாள் தன் பிள்ளை சாமுவேல ஆண்டவருக்குக் குடுத்த மாதிரி. சாமுவேல்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?

மே 19, பெந்தெகொஸ்தே

ஆண்டவர் ஒவ்வொருத்தருக்கும் குடுக்குற வரங்களப் பத்தி பிரசங்கம். ஐயர் வில்லியம் கேரியச் சொன்னாங்க, இங்கிலாந்துல செருப்பு தைக்கிறவரு, அதையெல்லாம் விட்டுட்டு 1793ல இந்தியாவுக்கு வந்தாரு, செராம்பூர்ல இருந்து எத்தன பாஷையில வேதத்த கொண்டு வந்தாருன்னு. என்னைய பாத்து சொன்ன மாதிரியே இருந்துச்சு, பாதிப் பேர் திரும்பிப் பாத்தாங்க. கேரிக்கு பாஷைதான் வரம், சின்ன வயசுலயே லத்தீன் கிரேக்குனு தானா படிச்சவரு. அவரு தன் வரத்த தேடிப் போனாரு. எனக்கு நாலு பேர் முன்னாடி நின்னு பேசவே வராதே, யூத் மீட்டிங்ல ஜெபம் பண்ணச் சொன்னாக்கூட கையெல்லாம் வேர்க்குது.

மே 20

டாக்டர் பால் பிராண்ட் நெனப்பாவே இருக்கு. 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவரு, மிஷனரி பிள்ளை. லண்டன்ல மொதல்ல படிச்சது தச்சு வேலையும் கொத்து வேலையும்தான், டாக்டர் படிப்பு அதுக்கப்புறம். 1946ல வேலூர் வந்து, மடங்கிப்போன தொழுநோயாளி கையில தசைநாண மாத்தி வச்சு விரல அசைய வச்சாரு. எந்த ரப்பர் காலுக்கு ஆகும்னு பாத்துப் பாத்து செருப்பும் செஞ்சாங்க அவரும் கூட இருந்தவங்களும். தச்சு வேலை படிச்ச வருஷமெல்லாம் வீண்னு அன்னைக்கு எத்தன பேர் சொல்லியிருப்பாங்க? அந்தக் கைதான அங்க போய் நின்னுச்சு.

மே 22

தாத்தா செருப்பு வாங்க வரல.

மே 24

பைபிள்ல யாத்திராகமம் 31 வாசிச்சேன், திரும்பத் திரும்ப. ஆராதனைக் கூடாரத்த செஞ்ச கைவேலைக்காரன் பெசலெயேல தேவ ஆவியால நிரப்பினேன்னு கர்த்தர் சொல்றாரு, எதுக்கு? பொன்னுல வெள்ளியில வேலை செய்ய, கல்லு வெட்ட, மரம் செதுக்க. ஆரோனுக்கு ஆசாரியம்னா இவனுக்கு இது. ரெண்டும் அதே கூடாரத்துக்குத்தான். இத ஏன் எந்த கன்வென்ஷன்லயும் ஒருத்தரும் பேச மாட்டேங்காங்க? அழைப்புன்னா மேடையும் மைக்கும்தான்னு நம்மளே சுருக்கி வச்சிட்டோம். இயேசு சொன்ன கதையில வர்ற பணம், ஒரு தாலந்துன்னா கூலிக்காரனுக்கு கிட்டத்தட்ட 20 வருஷ சம்பளமாம். ஒண்ணுதான கெடச்சிருக்குன்னு அதப் பொதச்சவன் எவ்வளவு பெரிய சொத்த மண்ணுக்குள்ள போட்டிருக்கான்.

மே 25

இல்ல, வசனத்த எனக்கு வசதியா வளைக்கிறேனோ. பயமா இருக்கு.

மே 26, ஞாயிறு

ராத்திரி சாப்பிட்ட பெறகு அம்மாகிட்ட கேட்டுட்டேன். "உமக்கேன்னுதானம்மா குடுத்த? அவரு எங்க வைக்காரோ அங்க இருந்தா ஆகாதா?"

"செருப்புலயா ய்யா வைப்பாரு?"

அந்த தாத்தா கால சொன்னேன். ஆணியச் சொன்னேன். சீடர் கால கழுவினவரு யாரும்மான்னு கேட்டேன். அம்மா தட்ட எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. சித்தப்பாவ கூட தாங்கிருவேன், இத எப்படித் தாங்க.

மே 27

காலையில அம்மா காப்பி குடுக்கும்போது "அந்த பெரியவரு வந்தாராடே"ன்னு கேட்டா.

மே 29

வந்தாரு! பஸ்ஸுக்கு காசில்லாம இருந்தாராம். போட்டு வராண்டாவுல நடந்தாரு, கழட்டி காலப் பாத்தேன், கட்டு காஞ்சுதான் இருக்கு, எங்கயும் செவக்கல. பின்வார் மட்டும் தளர்வு, மாத்தணும். போகும்போது என் தலையில கைய வச்சாரு, மடங்கின விரலு, அப்படியே நின்னேன். ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்போது கூட எனக்கு அப்படி ஆனதில்ல.

மே 30

மாஸ்டர் செயற்கைக்கால் செய்ற கோர்ஸ் பத்தி விசாரிச்சு வச்சிருக்காரு, ஃபீஸ் கூடதான். நாளைக்கு உபவாச ஜெபம் முடிஞ்சதும் ஐயர்கிட்ட ஃபார்ம திருப்பிக் குடுத்து நேர்லயே சொல்லிரணும். அம்மாவும் வாரேங்கா. எனக்காகப் பேசவா, வேண்டாம்னு பேசவான்னு கேட்டேன், பதில் சொல்லல, சேலைய மட்டும் அயர்ன் பண்ணச் சொல்லிட்டா.