மந்தமும் பணயமும்

2013 முதல் 2021 வரை கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் அடகு என்று யாரும் சொல்வதில்லை, பணயம்தான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி ஆசிட் விட்டுப் பார்ப்பார். நான் எடை போட்டு, நகையில் பதித்த கல்லுக்குக் கழித்து, சின்னப் பைக்குள் வைத்து முத்திரை போட்டு லாக்கருக்கு அனுப்புவேன். ரப்பரை நம்பிய ஊர். விலை என்ன என்று பேப்பர் பார்க்காமலே சொல்லிவிடலாம். காலை பத்தரை மணிக்கு வரிசை எவ்வளவு நீளம் என்று பார்த்தால் போதும்.

2016 பிப்ரவரியில் ஒரு அண்ணன் வந்தார். ஒன்றரை ஏக்கர், முந்நூறு ரப்பர் மரம், பால் வெட்டுக்கு ஆள் வைக்காமல் பாதி நாள் அவரே வெட்டுவார். விரல் இடுக்குகளில் ரப்பர் கறை கறுத்துப்போய் இருக்கும், சட்டையில் ஷீட் உலர்த்தும் புகைப்புரை வாசம். மகளின் நர்சிங் படிப்புக்காக மனைவியின் மூன்று பவுன் சங்கிலியை வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வருடா வருடம் வட்டி கட்டிப் புதுக்குவார். அன்றைக்கு வட்டியை எண்ணி வைத்தார், எல்லாம் பத்தும் இருபதுமாக.

“வெட்டுக்கூலி, ஆசிட்டு, எல்லாம் போக ஒண்ணும் நிக்கல சாரே. மரத்த சும்மா விட்டிருக்கேன்.”

2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் தொட்ட ரப்பர் ஷீட் அப்போது 100-க்குக் கீழே கிடந்தது. கச்சா எண்ணெய் விலை சரிந்ததில் செயற்கை ரப்பர் மலிந்துவிட்டது, சீனாவில் தேவை குறைந்துவிட்டது, இறக்குமதி வேறு. அந்த வருடம் நாட்டின் வளர்ச்சி 7 சதவீதத்துக்கு மேல் என்று அரசுக் கணக்கு சொன்னது. அதில் பொய் எதுவும் இல்லை. நாடு வளர்ந்துகொண்டுதான் இருந்தது, குலசேகரத்தில் மரங்கள் சும்மா நின்றன. எங்கள் கிளை அந்தக் காலாண்டில் நகைக்கடன் இலக்கைத் தாண்டிவிட்டது என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. லட்டு கூட வாங்கினோம். நானும் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதிரிச் சரிவுக்கு என்ன பெயர் வைப்பது என்ற விவாதம் எங்களுக்குள் வந்தது 2020-இல். அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியது என்று ஆகஸ்ட் 31 அன்று அறிவித்தார்கள். அடுத்த காலாண்டில் 7.5 சதவீதச் சுருக்கம். சாப்பாட்டு நேரத்தில் புதிதாகச் சேர்ந்த அதிகாரித் தம்பி, “சார், தொடர்ந்து ரெண்டு காலாண்டு சுருங்கினா ரெசஷன். இப்ப நாம டெக்னிக்கல் ரெசஷன்ல இருக்கோம்” என்றார். ரிசர்வ் வங்கிக் கட்டுரையிலும் அதே சொல்தான் இருந்தது. காசாளர் அக்கா விடவில்லை. “நாலுல ஒரு பங்கு போயிருக்கு, இதுக்குப் பேரு ரெசஷன்னா டிப்ரஷன் எப்படிப்பா இருக்கும்?”

நியாயமான கேள்வி. வீட்டுக்குப் போய் நோண்டிப் பார்த்தேன். அந்த இரண்டு காலாண்டு விதி ஒன்றும் வேதவாக்கு இல்லை. ஜூலியஸ் ஷிஸ்கின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் 1974-இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் சொன்ன பல அடையாளங்களில் ஒன்று. மற்றவற்றை உலகம் மறந்துவிட்டது, சுலபமானது மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்காவில் ரெசஷனுக்கு, அதாவது மந்தநிலைக்கு, நாள் குறிக்கும் என்பிஇஆர் என்ற பொருளாதார ஆய்வு அமைப்பின் குழு இந்த விதியை அப்படியே பிடித்துக்கொள்வதில்லை. வேலை, வருமானம், உற்பத்தி, விற்பனை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்லும். டிப்ரஷன் என்கிற பெருமந்தத்துக்கோ யாரும் விதி எழுதி வைக்கவே இல்லை. பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கினாலோ, இரண்டு மூன்று வருடம் இழுத்தாலோ அப்படிச் சொல்லலாம் என்று ஒரு வாய்க்கணக்கு, அவ்வளவுதான். 1929 ஆகஸ்ட் முதல் 1933 மார்ச் வரை 43 மாதம் அமெரிக்கா சுருங்கிக்கொண்டே போனது, கடைசியில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆழமும் நீளமும் சேர்ந்தே இருந்ததால் அதற்குப் பெயர் வைப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2020-இல் ஆழம் இருந்தது, நீளம் இல்லை. மூன்றாவது காலாண்டிலேயே கணக்கு பூஜ்ஜியத்துக்கு மேலே எட்டிப்பார்த்துவிட்டது. ஆழமும் நீளமும் சேர்ந்தால்தான் பெருமந்தம் என்று வைத்துக்கொண்டால், தம்பி சொன்னதுதான் சரி. அக்காவிடம் ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

படித்ததில் மனசில் நின்றது வேறொன்று. 1978-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டரின் ஆலோசகர் ஆல்பிரட் கான், பெருமந்தம் வரலாம் என்று வாய்விட்டுச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் அந்தச் சொல்லுக்குப் பதிலாக வாழைப்பழம் என்றே சொல்ல ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வருடத்தில் இல்லாத மோசமான வாழைப்பழம் வரப்போகிறது என்று. ஒரு வாழைப்பழக் கம்பெனிக்காரர் கோபப்பட்டதும் வேறொரு பழத்துக்கு மாறிக்கொண்டார். மட்டியும் ஏத்தனும் செந்துளுவனுமாக வாழை விளைகிற ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்பு வராமல் எப்படி இருக்கும்?

டிப்ரஷன் என்றால் எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு வேறு. காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 ஆனால் புயல். வானிலைக்காரர்களிடம் துல்லியமான எண் இருக்கிறது. ஆனால் ஒக்கி வந்தபோது 2017 நவம்பர் 29 காலையில் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30-ஆம் தேதி காலைக்குள் புயல் ஆகிவிட்டது. பெயர் மாறும்போது எத்தனையோ வள்ளங்கள் ஏற்கனவே ஆழ்கடலில். பொருளாதாரக்காரர்கள் இன்னும் நிதானம். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை என்பிஇஆர் அறிவித்தது 2008 டிசம்பரில். வருடம் ஒன்று கழித்து!

எனக்கு எட்டு வருடத்தில் பழகிப்போன கணக்கு வேறு. பைகள் உள்ளே போவதை வைத்து நான் பயந்ததில்லை. மழைக்காலம், பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், கல்யாணம், எப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கும். 2020 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி நகை மதிப்பில் 75-க்குப் பதில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றபோது லாக்கரில் இடமே இல்லை. வட்டி கட்டிப் புதுக்கினால் மந்தம், போய்விடும். வட்டி கட்டாதவருக்குப் பதிவுத் தபால் போய், பதில் வராமல், நகை ஏலப் பட்டியலில் ஒரே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு. அந்தப் பட்டியலை டைப் அடிக்கும் நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. இதை எந்தப் பொருளாதார நிபுணரும் ஒத்துக்கொள்ள மாட்டார், சரி, அவர்கள் அந்தப் பட்டியலை டைப் அடித்ததும் இல்லை.

அந்த அண்ணனின் சங்கிலி பட்டியலுக்குப் போகவில்லை. 2019-இல் மகள் குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில் மீட்டுக்கொண்டு போனார். முத்திரையைப் பிரித்துக் கொடுத்தபோது கொக்கியை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். அவ்வளவுதான், ஒன்றும் பேசவில்லை.

2024 ஆகஸ்ட்டில் ஷீட் மறுபடி 240-ஐத் தாண்டியது. பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தச் சமயம் ஒரு கல்யாணத்துக்காகக் குலசேகரம் போனேன், சந்தையடியில் சாயாக்கடையில் அவரைப் பார்த்தேன். பாய்ந்து போய்ச் சொன்னேன், “அண்ணே, வெலை ஏறிட்டே, கண்டியளா?”

சாயாவை ஆற்றிக்கொண்டே சிரித்தார். “மரம் நிக்கணுமே சாரே.”

ஒக்கியில் நாற்பது மரம் சாய்ந்ததாம். மிச்சத்தை அடுத்த வருடமே மரம் வாங்கும் தடிக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வைத்தால் வெட்ட ஏழு வருடம் ஆகும், அதுவரை யார் காத்திருப்பது?

“இப்ப என்ன போட்டிருக்கிய?”

“வாழதான். ஏத்தன்.”

எனக்கு ஆல்பிரட் கான் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டார். சொன்னால் பெரிய கதை. இன்னொரு சாயா சொன்னேன்.