ஏழாவது கணக்கு

2024 ஜூலை 20, சனி

ஜிஆர்இ, வெளிநாட்டு மேல்படிப்புக்கு எழுதுகிற பரீட்சை. குவான்ட்டில், அதாவது கணக்கில், 156.

ஜூலை 21, ஞாயிறு

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், அப்பர் பெர்த். தூக்கமில்லை. ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் அப்பா ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டார். ஸ்கூட்டரில் பாதி வழி வந்த பிறகுதான், "எத்தனைக்கு எத்தனை?"

170-க்கு 156 என்றேன்.

"பரவால்லியே, 92 பர்சன்ட் வருது."

அந்த மார்க் 130-ல் ஆரம்பிக்கிறது, அத்தனையும் தப்பாகப் போட்டாலும் 130 உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூடத்துச் சுவரில் என் 2015 பிளஸ் டூ மார்க் ஷீட்டை லாமினேட் பண்ணி மாட்டி வைத்திருக்கிற மனுஷர். கணிதம் 200/200.

ஜூலை 22

ஏழாவது கணக்கு. முதல் பகுதியில் 12 கேள்விக்கு 21 நிமிஷம். அந்த ஒன்றுக்கு மட்டும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போயிற்று. விடை இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே இருந்தது. கடைசி மூன்று கேள்வியைத் தொடவே இல்லை. மைனஸ் மார்க்கும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு எதையாவது அமுக்கியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை.

முதல் பகுதியில் நாம் எப்படிப் போட்டோமோ அதை வைத்துத்தான் இரண்டாவது பகுதி கஷ்டமாகவோ சுலபமாகவோ வரும். எனக்கு லட்டு மாதிரி வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. கேள்வி சுலபமாக இருக்கிறதே என்று வயிற்றைக் கலக்கிய பரீட்சை இது ஒன்றுதான்.

ஜூலை 24

அக்கா: "அழறதுன்னா மாடில போய் அழு. இப்பத்தான் கண்ணசந்தேன்."

ஜூலை 27

மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும். ஆகஸ்ட் 24-க்குப் போட்டுவிட்டேன், சென்னையிலேயே. இன்னொரு இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். அக்காவுக்குப் பிரசவத் தேதி 28 என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பைத் தணிக்கப் போய்விட்டாள்.

கோச்சிங்கில் அந்த சார் சொன்னது: "இன்ஜினியரிங் முடிச்சவங்களுக்கு குவான்ட் தானா வரும்மா, வெர்பலப் பாருங்க." வெர்பல் என்றால் இங்கிலீஷ். மூன்று மாசம் வார்த்தைப் பட்டியலை உருப்போட்டேன். அவரை மட்டும் திட்டி என்ன, கேட்டதும் குளிர்ந்துபோய்த் தலையாட்டியது நான்தானே.

ஜூலை 30

மேட்டூர் 120 அடி. நிரம்பிவிட்டது. டிவியில் நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. தொட்டியும் குழாயும் கணக்கு. எனக்கு இது வரும். எனக்கு இதெல்லாம் வரும்! அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

ஆற்றில் வெள்ளம். அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் யாரும் போகவில்லை. குழாயடியிலேயே மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துப் பூப்போட்டாயிற்று. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர். அக்கா நாலிலும் ஒரு கை பார்த்தாள்.

மத்தியானம் நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். இந்த வாரம் போட்டது 140 கணக்கு, தப்பு 41. ஒவ்வொரு தப்புக்கும் எதிரே காரணம் எழுதினேன். நிஜமாகவே தெரியாதது ஆறுதான். நேரம் போதாமல் போனது பதினொன்று. மிச்சம் இருபத்து நாலும் தெரிந்தே தப்பாகப் போட்டது.

அந்த இருபத்து நாலில் ஒன்று. x² = 16. ஒரு பக்கம் x, இன்னொரு பக்கம் 4. எது பெரிது? இரண்டும் சமம் என்று அமுக்கிவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்ததற்குப் போயிருக்கிறேன். x, −4 ஆகவும் இருக்கலாமே. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நாலாவதாக ஒரு விடை உண்டு: கொடுத்ததை வைத்துச் சொல்ல முடியாது. நான் விட்ட இருபத்து நாலில் பதினைந்துக்கு அதுதான் விடை. ஒரு தடவைகூட என் கை அங்கே போகவில்லை.

எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும். நான் ஏன் போடவில்லை? பிளஸ் டூவில் இப்படி வந்ததே இல்லையா என்று யோசித்தேன். வந்திருக்கிறது. அணியில் தரம் கண்டுபிடித்து, 'தொகுப்பு ஒருங்கமைவற்றது, தீர்வு இல்லை' என்று அடிக்கோடு போட்டு முடித்திருக்கிறோம். ஆனால் எந்தப் பயிற்சியில் எத்தனையாவது கணக்கு தீர்வில்லாத கணக்கு என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு மார்க் கேள்வி என்றால் கம் புக் என்கிற கேள்வி-விடைப் புத்தகத்தில் விடையின் எழுத்து உட்பட மனப்பாடம். கணக்கைச் சந்தேகப்பட யாரும் சொல்லித் தரவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் 200 வந்திருக்காது.

மார்க் ஷீட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தவே இல்லை.

ஆகஸ்ட் 5

0, 1, −1, ½, −½, 100. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். x என்று எதைப் பார்த்தாலும் இந்த ஆறையும் போட்டுப் பார்க்காமல் விடை அமுக்கக்கூடாது.

அக்கா: "என்னடி இது, லாட்டரி நம்பரா?"

ஆகஸ்ட் 8

ஏழாவது கணக்கில் இருந்தது வட்டமா முக்கோணமா என்பதே மறந்துவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 11

ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிஷம். ஒன்றரை நிமிஷத்தில் வழி தெரியவில்லையென்றால் எதையாவது அமுக்கி, குறி போட்டுவிட்டு, அடுத்தது. அந்தப் பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம். எழுதுவதற்கு எவ்வளவு சுலபம். எங்கள் வீட்டில் தட்டில் சாதம் மிச்சம் வைத்தாலே திட்டு விழும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, ஒன்றரை ஆனதும் அக்காவை "போ" என்று கத்தச் சொன்னேன். அவள் கத்துகிற கத்தலுக்கு உள்ளே இருக்கிற குழந்தை உதைக்கிறதாம். மூன்றாவது தடவைதான் உருப்படியாக விட்டேன். இரண்டு கணக்கு. கடைசியில் திரும்பி வந்து பார்த்தால் அதில் ஒன்று இருபதே விநாடியில் வந்தது. அதே கணக்கு, அதே நான்.

ஆகஸ்ட் 15

இலவசமாகத் தருகிற இரண்டு மாதிரித் தேர்வில் மிச்சம் வைத்திருந்ததை எழுதினேன். 162. அம்மாவிடம் சொல்லி ஒரு காபி வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16

162 எல்லாம் ஒரு மார்க்கா. 20 சதவீதம் 25 ஆனால் எத்தனை சதவீதம் அதிகம் என்றதற்கு 5 என்று போட்டிருக்கிறேன். 25! கண் எதிரே கால்குலேட்டர் வேறு. மார்க் ஷீட்டை இன்று துணி போட்டுத் துடைத்தார் அப்பா. வேண்டுமென்றே.

ஆகஸ்ட் 19

தேதியை மாற்றுவதானால் நாலு முழு நாள் முன்பே மாற்றிவிட வேண்டும். இன்று மாற்றினால் உண்டு. லேப்டாப்பைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.

அக்கா: "போ. நீ இருந்து நீயா பிரசவம் பாக்கப்போற?"

ஆகஸ்ட் 22, ராத்திரி

பதினொன்றரைக்கு வலி என்றாள். என் ஸ்டாப்வாட்ச்சை அம்மா பிடுங்கிக்கொண்டாள். 12 நிமிஷம். அடுத்தது 9. அப்புறம் 20. அப்புறம் 17. சராசரி பதினாலரை வருது என்றேன். அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே. இரண்டு மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது. பொய் வலியாம். அக்கா தூங்கிவிட்டாள், நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 23

பாஸ்போர்ட். பாஸ்போர்ட். பாஸ்போர்ட்.

ஆகஸ்ட் 24, மத்தியானம்

எழும்பூர் பக்கம் ஒரு ஹோட்டல். பசி இல்லை, தோசை சொல்லியிருக்கிறேன்.

குவான்ட் 163. இரண்டாவது பகுதி கஷ்டமாக வந்தது. பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு குதி. முதல் பகுதியில் இரண்டை விட்டேன். ஒன்றுக்குத் திரும்பிப் போகவும் இல்லை, விட்டது விட்டதுதான்.

வெர்பல் போன தடவை 158. இன்று 152. ஒரு மாசமாக அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த 158-ஐயும் இந்த 163-ஐயும் சேர்த்து அனுப்ப வழியில்லை, ஒரு நாளின் மார்க் ஒட்டுமொத்தமாக அந்த நாளோடது. எதை அனுப்புவது? ஒரு வருஷத்தில் ஐந்து தடவை எழுதலாம். இன்னொரு இருபத்திரண்டாயிரத்தை அப்பாவிடம்

அம்மா கூப்பிடுகிறாள்.

ஆகஸ்ட் 25, விடிகாலை

அக்காவைச் சேர்த்தாயிற்று. ரயிலை விட்டு இறங்கி நேராக இங்கேதான் வந்தேன். கையில் இந்த நோட்டு மட்டும் இருந்ததால் வீட்டிலிருந்து எடுத்து வரவேண்டியதை இதிலேயே எழுதச் சொல்கிறாள் அம்மா.

பிளாஸ்க்
பழைய வேட்டி 4 (நன்றாகத் துவைத்தது)
அக்கா ஸ்வெட்டர்
போன் சார்ஜர்